ஏழைச் சிறார்க்கு எழுந்த பாலர் பள்ளிகள்

பிள்ளையின் கல்வி ஐந்து வயதில் தொடங்குகிறது என்பது பாடசாலைச் சட்டங்களின் கணக்கு. அதற்கு முற்பட்ட ஆண்டுகளைச் சட்டம் வீட்டுக்கு விட்டுவிட்டது. தாயின் மடியும், பாட்டியின் கதையும், வீட்டு முற்றமும் அவ்வாண்டுகளுக்கு ஆசிரியர்களாய் அமைந்தன. ஆயின், தாய் விடியுமுன் கூலி வேலைக்குப் போய்விட்ட வீட்டிலே, முற்றமென்று சொல்ல ஒரு சாண் நிலமும் இல்லாத குடியிருப்பிலே, அவ்வாண்டுகள் எவ்வாறு கழிந்தன? இவ்வினாவை எழுப்பி விடைகாண முயன்றவர்கள் கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் சிலர் உளர். அவர்தம் முயற்சிகளின் தொகுப்பே பாலர் கல்வி என இன்று நாம் வழங்கும் துறையின் வரலாறாகும்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பாலர் பள்ளி என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவன வர்ணந் தீட்டிய சுவர்களும், சீருடையும், மாதக் கட்டணமுமே. வசதி படைத்தோர் தம் பிள்ளைகட்கென அமைத்துக்கொண்ட ஒன்று, பின்னர் இரக்கத்தினால் ஏழைகட்கும் சிறிது பகிரப்பட்டது என்று எண்ணுவாருமுளர். நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பாலர் பள்ளி மலைநாட்டு உழவரிடையேயும், ஆலைத் தொழிலாளரிடையேயும், நகரத்துச் சேரிகளிலும் பிறந்தது. அங்கே அது பெற்ற புகழே அதனைச் செல்வர் தெருவுக்கு அழைத்துச் சென்றது. ஏழைச் சிறாரிடத்து அது நிலைத்து நின்ற இடங்கள் சிலவே. அவ்விடங்களில் அது நிலைத்தமைக்கும் ஏனைய இடங்களில் நழுவிப் போனமைக்கும் உரிய காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைக் கிராமத்தில் ஒரு தொடக்கம்

பிரான்சு தேசத்தின் கிழக்கே வோஜ் மலைப் பகுதியிலுள்ள வல்டேர்ஸ்பாக் என்னுங் கிராமத்துக்கு 1767 ஆம் ஆண்டிலே ஜோன் பிரெடரிக் ஒபர்லின் என்னும் லூதரன் குரு பணியாற்ற வந்தார். நிலம் வளமற்றது, பாதைகள் சீர்கெட்டவை, மக்கள் வறியவர். பெற்றோர் வயலுக்குச் சென்ற பின்னர்ச் சிறு பிள்ளைகள் காப்பாரின்றித் திரிந்தனர். அப்பகுதியிலே சாரா பான்செற் என்னும் இளம்பெண் தன் வீட்டிலே அயற் பிள்ளைகளைக் கூட்டி அவர்கட்குக் கம்பளிநூற் பின்னல் கற்பித்து வந்தாள். இதனைக் கண்ட ஒபர்லின் அவளையே ஆசிரியையாக அமர்த்தி, 1770 ஆம் ஆண்டையொட்டிப் பின்னற் பள்ளிகளை ஒழுங்குபடுத்தினார்.

அங்கே மூத்த பிள்ளைகள் பின்னக் கற்றனர், இளையோர் விளையாடினர். படங்களைக் காட்டிக் கதை சொல்லப்பட்டது. செடிகொடிகளைத் தேடிச் சென்று அவற்றின் பெயர்களை அறிந்தனர். சாரா பான்செற் 1774 இல் இளவயதிலேயே இறந்தாள். அவளுக்குப் பின் இப்பணியைத் தாங்கியவர்களுள் முதன்மையானவள் லூயிஸ் ஷெப்ளர். பதினைந்து வயதளவில் குருவின் வீட்டுப் பணிப்பெண்ணாக வந்த இவள், வாழ்நாள் முழுவதையும் இப்பிள்ளைகட்கே அளித்தாள். 1829 இல் பிரெஞ்சுக் கழகம் நற்பண்புக்குரிய மொந்தியோன் பரிசை இவளுக்கு வழங்கிச் சிறப்பித்தது.

பாலர் கல்வியின் முதல் ஆசிரியர்கள் பட்டம் பெற்ற அறிஞரல்லர்; அக்கிராமத்துப் பெண்களே என்பது கருதத்தக்கது. தாம் கற்பித்த பிள்ளைகளின் வறுமையை அவர்கள் தம் வீடுகளிலேயே அறிந்திருந்தனர்.

நூலாலையின் நிழலில்

மலைக் கிராமத்தில் உழவுத் தொழில் விளைத்த இடரினும் பன்மடங்கு பெரிய இடரைக் கைத்தொழிற் புரட்சி விளைத்தது. தாயும் தந்தையும் மூத்த பிள்ளைகளும் ஒருங்கே ஆலைக்குட் புகுந்தபோது, நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு வீட்டில் எவரும் இலராயினர். ஸ்கொத்லாந்தில் கிளைட் நதிக்கரையிலுள்ள நியூ லானார்க் நூலாலையின் நிருவாகத்தை 1800 இல் ஏற்ற றொபேட் ஓவன் இந்நிலையை நேரிற் கண்டார். அநாதைப் பிள்ளைகளை ஏழைகள் விடுதிகளிலிருந்து கொண்டுவந்து வேலை வாங்கும் வழக்கம் அவ்வாலையில் அவருக்கு முன்பே இருந்தது. ஓவன் அதனை நிறுத்தினார். 10 வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு எடுப்பதில்லையென விதித்தார்.

1816 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி, பண்பை உருவாக்கும் நிலையம் என்னும் பெயருடன் அவர் ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்தார். நடக்கத் தெரிந்த குழந்தை முதல் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஆசிரியராக ஓவன் தெரிந்தெடுத்தவர் ஜேம்ஸ் புக்கானன் என்னும் கைத்தறி நெசவாளர். எழுத்து வாசனை மிகக் குறைந்தவர். அவருக்குத் துணையாக மொலி யங் என்னும் 17 வயது ஆலைப் பெண் அமர்ந்தாள். கல்வியிற் சிறந்தாரை விடுத்து இவ்விருவரையும் ஓவன் தேர்ந்தமைக்குக் காரணம் அவர்களுடைய பொறுமையும் குழந்தைகள் மீது கொண்ட அன்புமேயாம். எக்காரணத்தாலும் பிள்ளையை அடித்தலாகாது, சொல்லாலும் செயலாலும் அச்சுறுத்தலாகாது, ஒவ்வொரு பிள்ளையும் தன் விளையாட்டுத் தோழரை மகிழ்விக்க முயலவேண்டும் என்பனவே அவர் இட்ட கட்டளைகள். சிறு குழந்தைகள் கையிற் புத்தகம் கொடுக்கப்படவில்லை. சுவரில் விலங்குகளின் படங்களும் தேசப்படங்களும் தொங்கின. பாட்டும் நடனமும் அன்றாடம் நடைபெற்றன.

ஓவனின் செயலிற் கருணை மட்டுமே இருந்தது என்று கூறின் அது முழு உண்மையாகாது. குழந்தையைக் கவலையின்றி விட்டுச் செல்லக்கூடிய தாய் ஆலையில் ஒழுங்காக வேலை செய்வாள் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். எனினும், மனிதனின் பண்பு அவனைச் சூழ்ந்த நிலைமைகளால் உருவாவது என்னுங் கொள்கையை அவர் ஆழமாக நம்பினார். ஏழையின் பிள்ளை இயல்பிலேயே கீழானது என்று பலர் கருதிய காலத்தில் இது புரட்சிகரமான கருத்தாகும்.

ஓவனின் கூட்டாளிகளுட் சிலர் ஆழ்ந்த சமயப் பற்றுடையோர். ஆலைப் பிள்ளைகட்கு இசையும் நடனமும் எதற்கு என்று அவர்கள் வினவினர். இப்பூசலின் முடிவில், 1824 இல் பள்ளியின் போக்கு அவர்களுடைய விருப்பப்படி மாற்றப்பட்டது. ஓவன் அவ்வாண்டிலேயே அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டார். ஏழைக் குழந்தைக்குச் சோறும் எழுத்தும் போதும், மகிழ்ச்சி மிகையானது என்னும் இவ்வெண்ணம் பிற்காலத்திலும் மீண்டும் மீண்டும் தலைகாட்டக் காண்கின்றோம்.

படிக்கட்டிற் குந்திய பாலர்

ஓவனின் பள்ளியைக் கண்டு வியந்த சிலர் புக்கானனை இலண்டனுக்கு அழைத்துச் சென்று அங்கும் ஒரு பள்ளியைத் தொடங்கினர். அதன் வழியாகவே 1820 இல், பட்டு நெசவாளர் செறிந்து வாழ்ந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிற் சாமுவேல் வில்டர்ஸ்பின் தம் பள்ளியை ஆரம்பித்தார். முதல் நாளில் பிள்ளைகள் எல்லாரும் ஒருங்கே அழத் தொடங்க, செய்வதறியாத அவர் தம் மனைவியின் தொப்பியை ஒரு கழியின் நுனியில் மாட்டி ஆட்டினாராம். அழுகை அடங்கிப் பிள்ளைகள் அதையே நோக்கினராம். குழந்தையின் கவனத்தை ஈர்க்கும் வழி இதுவென அன்று தாம் கற்றதாக அவரே எழுதியுள்ளார்.

வில்டர்ஸ்பின் நாடெங்கும் சென்று பாலர் பள்ளிகளைத் தொடக்கி வைத்தார். விளையாட்டு நிலத்தின் அவசியத்தை வற்புறுத்தினார். ஆனால் அவர் அமைத்த மற்றொன்றே பலராலும் பின்பற்றப்பட்டது. பெருந்தொகைப் பிள்ளைகளை ஒருவரே நோக்கிக் கற்பிப்பதற்கு வசதியாகப் படிப்படியாய் உயர்ந்து செல்லும் இருக்கை வரிசையே அது. விளையாட்டு நிலத்துக்குப் பணம் வேண்டும், படிக்கட்டு மலிவானது. ஆகவே படிக்கட்டு எஞ்சியது, விளையாட்டு மறைந்தது. மூன்று வயதுக் குழந்தைகள் கைகட்டி வரிசையாகக் குந்தி, வாய்ப்பாட்டையும் எழுத்துக்களையும் ஒரே குரலில் ஒப்புவிக்கலாயினர்.

1900 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 43 பேர் பாடசாலைகளிற் சேர்ந்திருந்தனர். எண்ணிக்கையை மாத்திரம் நோக்கின் இது பெருஞ் சாதனையே. ஆனால் 1905 இல் அரசினரின் பெண் பரிசோதகர்கள் அவ்வகுப்புகளைப் பார்வையிட்டு அளித்த அறிக்கை வேறு கதையைக் கூறியது. காற்றோட்டமற்ற அறைகளில் அசையாது இருத்தப்பட்ட சின்னஞ் சிறுவர்கள் அறிவு வளர்ச்சியும் உடல் நலமும் ஒருங்கே இழப்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர்.

இக்குறையைக் கேட்ட அரசு செய்தது யாது? வகுப்புகளைச் சீர்திருத்துவதற்குப் பதிலாக, ஐந்து வயதுக்குட்பட்டோரைச் சேர்க்க மறுக்கும் உரிமையை உள்ளூர்க் கல்வி அதிகாரிகட்கு வழங்கியது. பத்தாண்டுக் காலத்தில் அவ்வயதுப் பிள்ளைகளின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வெளியேற்றப்பட்டோர் செல்வர் வீட்டுப் பிள்ளைகளல்லர். அவர்கட்கு வீட்டிலே செவிலியர் இருந்தனர். இருண்ட வகுப்பறையிலிருந்து நீங்கிய ஏழைக் குழந்தை சென்றடைந்த இடம் தெருவேயாகும்.

இதே நூற்றாண்டில் ஜேர்மனியிலே புரோபல் என்பார் வேறொரு வழியைக் கண்டிருந்தார். 1840 இல் அவர் தம் பள்ளிக்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைத் தோட்டம், எனப் பெயரிட்டார். விளையாட்டே குழந்தையின் தொழில் என அவர் கொண்டார். 1851 இல் பிரசிய அரசு குழந்தைத் தோட்டங்களைத் தடைசெய்தது. அத்தடை 1860 இலேயே நீங்கியது. அவருடைய மாணவியர் பல நாடுகட்கும் சென்று அம்முறையைப் பரப்பினர். எனினும், இங்கிலாந்தில் அது முதலிற் புகுந்தது இலண்டனின் வசதியுள்ள பகுதிகளிலேதான். விதிவிலக்குகளும் உண்டு. 1873 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிற் சூசன் புளோ என்பார் அரசினர் பாடசாலையோடிணைந்த குழந்தைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஆயினும் பொதுவாக நோக்குமிடத்து, செல்வர் பிள்ளைக்குத் தோட்டமும் ஏழையின் பிள்ளைக்குப் படிக்கட்டும் என்ற பாகுபாடே அந்நூற்றாண்டின் இறுதியில் நிலவியது.

சான் லொரென்சோ

இப்பாகுபாட்டை உடைத்த நிகழ்ச்சி இத்தாலியில் நடந்தது. உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் பகுதி உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலாபத்தை நோக்கிச் சிலர் அங்கே பெருங் கட்டடங்களைக் கட்டத் தொடங்கினர். இடையிலே பணமுடை ஏற்பட, அவை அரைகுறையாகக் கைவிடப்பட்டன. வறியவர்கள் அவற்றுட் குடியேறினர். ஓர் அறையிலே பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. பின்னர் ஒரு கட்டட நிறுவனம் அவற்றைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்கும் மூத்த பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்ற பின்னர், எஞ்சிய சிறுவர்கள் படிகளில் ஓடியும் புதுச் சுவர்களிற் கீறியும் சேதம் விளைத்தனர். பழுது பார்க்குஞ் செலவைக் காட்டிலும் ஓர் அறையில் அவர்களை ஒருங்கு வைத்துப் பார்க்குஞ் செலவு குறைவு என்று நிறுவனம் கணக்கிட்டது. உலகப் புகழ் பெற்ற ஒரு கல்விமுறை சுவரைக் காக்கும் எண்ணத்திலிருந்து முளைத்தது என்பது வியப்பன்றோ?

அவ்வறையின் பொறுப்பு மரியா மொன்ரிசோரி அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1896 இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து அனுபவம் பெற்றவர். 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆந் திகதி, மார்சி வீதியில் 58 ஆம் இலக்கக் கட்டடத்திலே குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50 பிள்ளைகள் வந்தனர். அழுக்கடைந்த ஆடையும் மருண்ட பார்வையும் உடைய அச்சிறுவர்கள், தாம் முன்பு பயன்படுத்திய மர உருளைகளையும் பிற கருவிகளையும் கையாளும் முறையை அம்மையார் கவனித்தார். மூன்று வயதளவினளான ஒரு சிறுமி, மர உருளைகளைத் துளைகளிற் பொருத்தும் வேலையை நாற்பதுக்கு மேற்பட்ட தடவை இடைவிடாது செய்தாள். அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும், சுற்றிலும் ஏனையோர் பாடியபோதும் அவள் கவனம் சிதறவில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஒருமைப்பாடு இல்லை என்னும் பழி அன்றோடு பொய்யாயிற்று.

எழுத்துக் கற்பித்தல் அம்மையாரின் தொடக்கத் திட்டத்தில் இருக்கவில்லை. எழுத்தறியாத தாய்மாரே திரண்டு வந்து, தம் பிள்ளைகட்கு எழுதவும் வாசிக்கவும் கற்பிக்குமாறு வேண்டினர். அதன் பின்னரே உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவிப் பழகும் முறை அங்கே தோன்றியது. சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதலாயினர்.

அவ்வில்லத்தின் விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. பெற்றோர் கட்டணம் எதுவுஞ் செலுத்த வேண்டியதில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூய ஆடையுடன் அனுப்பவேண்டும். வாரம் ஒருமுறையேனும் தாய் ஆசிரியையைக் கண்டு பேசுதல் வேண்டும். விதியை மீறுவோரின் பிள்ளை விலக்கப்படும். இவ்விறுதி விதியிற் கடுமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆசிரியை அதே கட்டடத்தில் வாழ்ந்தமையும், தாயைக் கல்வியின் பங்காளியாகக் கருதியமையும் அதுகாறும் எங்கும் காணாதன.

அடுத்து நிகழ்ந்தது மிக விரைவானது. 1909 இல் அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தது. 1911 இல் அமெரிக்காவின் முதலாவது மொன்ரிசோரிப் பள்ளி நியூயோர்க் நகருக்கு அண்மையில், வங்கியாளர் பிராங்க் வாண்டர்லிப் என்பாரின் ஆதரவுடன், செல்வக் குடும்பத்துச் சிறுவர்க்கெனத் தொடங்கப்பட்டது. சேரியின் சுவரோரத்திலிருந்து வங்கியாளர் வட்டாரத்தை அடைவதற்கு அம்முறைக்கு வேண்டியிருந்த காலம் ஐந்து ஆண்டுகள் மட்டுமே. கருவிகள் விலையுயர்ந்தன, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அரியர், ஆகவே கட்டணம் செலுத்தக்கூடியோரிடமே அது சென்று தங்கியது. அம்மையாரின் முறையிற் குறையில்லை. செலவை ஏற்பார் யார் என்ற வினாவுக்கு நிலையான விடை காணப்படவில்லை என்பதே குறை.

டெப்பேட்டின் தோட்டம்

அவ்வினாவுக்கு விடைகாணப் போராடியவர்கள் றேச்சல், மார்கரட் மக்மிலன் என்னும் உடன்பிறந்த சகோதரிகளாவர். மார்கரட் 1894 இல் பிராட்போட் நகரக் கல்விச் சபைக்குத் தெரிவானார். பசித்த வயிற்றோடும் நோயுற்ற உடலோடும் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கற்பிப்பது பணத்தை வீணாக்குவதே என்று அவர் இடைவிடாது வாதிட்டார். பாடசாலையில் உணவளிக்க இடந்தந்த 1906 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும், வைத்திய பரிசோதனையை ஏற்படுத்திய 1907 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் வழிகோலியவர்களுள் அவரும் ஒருவர்.

1910 இற் சகோதரிகள் இருவரும் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த டெப்பேட் பகுதியிற் சிறுவர் வைத்தியசாலை ஒன்றை நடத்தலாயினர். அங்கே அவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். சொறி, கண்நோய், பல்நோய் முதலியன குணமாகிச் சென்ற பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தனர். மருந்து தீர்த்ததை வீடும் தெருவும் மீண்டும் விளைத்தன. கணைநோயினால் வளைந்த கால்களைப் பாடசாலை வயதில் நிமிர்த்துவது அரிது. ஆகவே நோய் வருமுன்னரே, நடக்கத் தொடங்கும் வயதிலேயே, பிள்ளையைக் கையேற்றல் வேண்டும் என முடிவு செய்தனர்.

இதன் விளைவாக 1914 இல் திறந்தவெளிப் பாலர் பள்ளி தோன்றியது. கட்டடம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தின் நடுவே ஒரு பக்கந் திறந்த கொட்டகைகள், குளிப்பதற்கு வெந்நீர், நாளுக்கு மூன்று வேளை உணவு, பகலில் உறங்கக் கட்டில்கள், பூச்செடிகளும் கீரைப் பாத்திகளும் மணற்குழியும். காலையில் வந்த குழந்தை மாலை வரை அங்கேயே இருந்தது. அரை நாட் பள்ளி ஏழைத் தாய்க்கு உதவாது என்பது மார்கரட்டின் உறுதியான கருத்து. தோட்டம் மதிலுக்கு வெளியே நின்றோர் கண்ணிலும் படுமாறு அமைந்தது. பிள்ளையின் நலனைக் கண்ட தாய்மார் வீட்டிலும் அதனைத் தேடத் தொடங்கினர்.

முதலாம் உலகப் போரின் நடுவே, 1917 மார்ச்சு 25 ஆந் திகதி றேச்சல் காலமானார். அன்று அவரது பிறந்த நாளாகும். பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1918 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பாலர் பள்ளிகளை நடத்தும் அதிகாரத்தை உள்ளூர் அதிகாரிகட்கு வழங்கியது. வழங்கியது அதிகாரமேயன்றிக் கடமையன்று. போருக்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியில் அரசு சிக்கனத்தை நாடியபோது, கட்டாயமற்ற செலவே முதலில் வெட்டுண்டது. 1931 இல் மார்கரட் இறக்கும்போது நாட்டிற் பாலர் பள்ளிகள் மிகச் சிலவே இருந்தன. சட்டத்தில் ‘செய்யலாம்’ என்னும் சொல்லுக்கும் ‘செய்தல் வேண்டும்’ என்னும் சொல்லுக்கும் இடையே எத்தனை குழந்தைகள் விழுந்துவிடுகின்றனர் என்பதை டெப்பேட்டின் வரலாறு காட்டுகின்றது.

அமெரிக்காவின் பரிசோதனை

ஓர் அரசு முழு நாட்டையும் தழுவி இம்முயற்சியில் இறங்கியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில் 1965 இல் தொடங்கிய ஹெட் ஸ்ராட் திட்டமாகும். வறுமைக்கெதிரான போரை அறிவித்த ஜனாதிபதி ஜோன்சன் இதனைத் தொடக்கினார். குழந்தை வைத்தியரான ஜூலியஸ் றிச்மண்ட் அதன் முதல் இயக்குநர். அவ்வாண்டுக் கோடையிலேயே 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏழைச் சிறுவர்கள் எட்டு வாரப் பயிற்சி பெற்றனர். எழுத்தும் எண்ணும் மட்டுமன்றி, உணவு, பல் வைத்தியம், தடுப்பூசி, பெற்றோரின் பங்கு ஆகியனவும் திட்டத்தில் அடங்கின. மக்மிலன் சகோதரிகள் ஒரு தோட்டத்திற் செய்ததை ஒரு தேசம் செய்ய முற்பட்டது எனலாம்.

ஆனால் 1969 இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை, இப்பிள்ளைகள் பெற்ற அறிவு முன்னேற்றம் பாடசாலையில் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடுகிறது என்று கூறியது. திட்டத்தை எதிர்த்தோர் இதனைப் பெரிதாகப் பேசினர். இதற்கு மறுமொழி வேறோரிடத்திலிருந்து, நெடுங்காலத்தின் பின்னர் வந்தது. 1962 இல் மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்ரி நகரிலே டேவிட் வைகாட் என்பார் பெரி பாலர் பள்ளி ஆய்வைத் தொடக்கினார். வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 58 பேர் பள்ளியிற் சேர்க்கப்பட்டனர். 65 பேர் சேர்க்கப்படவில்லை. பள்ளிக்கு வந்தோரின் வீடுகட்கு ஆசிரியர் வாரந்தோறுஞ் சென்று தாயுடன் அமர்ந்து கற்பித்தார்.

இங்கும் நுண்ணறிவுச் சோதனையிற் கண்ட ஏற்றம் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆனால் ஆய்வாளர்கள் அத்தோடு நிறுத்தவில்லை. அப்பிள்ளைகளை அவர்தம் 40 வயது வரை தொடர்ந்து கவனித்தனர். பள்ளிக்கு வந்தோரில் உயர்தரப் பள்ளியை முடித்தோர் மிகுதி, வருவாய் உயர்வு, குற்றத்திற்காகக் கைதானோர் குறைவு. ஆய்வு சிறியது, ஒரு நகரத்துக்குரியது, அதன் முடிவுகளை எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருத்துதல் தகாது. எனினும், பாலர் கல்வியின் பயனை முதலாம் வகுப்புப் பரீட்சையில் தேடுதல் பிழை என்பதை அது தெளிவாக்கியது. விடாமுயற்சி, பிறரோடு பழகுந் திறன், தன்னம்பிக்கை ஆகியன புள்ளியிடும் தாளிற் புலப்படுவனவல்ல.

முற்றத்துக்கு வந்த பள்ளி

நம் அயலிலும் இவ்வரலாற்றுக்கு ஒரு கிளை உண்டு. 1939 இல் மொன்ரிசோரி அம்மையார் பிரமஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டமையால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். இடையில் 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அவருடைய கருத்துக்களை அதற்கு முன்னரே குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா தழுவி, 1920 இல் பாவ்நகரிற் பால மந்திரத்தைத் தொடங்கியிருந்தார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையாரே இக்கல்வியை ஏழைகளிடம் மீட்டு வந்தவர்.

1945 இல் மகாராட்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் ஊரில் அவர் அனுதாய் வாக் என்பாருடன் பாலர் பள்ளியை ஆரம்பித்தார். ஊரின் தாழ்த்தப்பட்ட மக்களுடைய பிள்ளைகள் அங்கு வரவில்லை. அவர்கள் வரும்வரை காத்திராது, பள்ளியை அவர்தம் வீட்டு முற்றங்கட்கே கொண்டு சென்றார். முற்றத்தைக் குறிக்கும் அங்கண் என்னுஞ் சொல்லிலிருந்து அங்கன்வாடி என்னும் பெயர் பிறந்தது. விலையுயர்ந்த கருவிகட்குப் பதிலாக விதைகளும் கூழாங்கற்களும் களிமண்ணும் பயன்பட்டன. பின்னர் 1957 இற் கோஸ்பாட் குன்றுக்குச் சென்று வார்லிப் பழங்குடிச் சிறுவரிடையே இப்பணி தொடர்ந்தது. 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆந் திகதி இந்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த சிறுவர் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் நிலையங்கட்கு அங்கன்வாடி என்னும் பெயரே இடப்பட்டது. உணவும் தடுப்பூசியும் கல்வியும் ஓரிடத்தில் இணைந்தன. 1982 சூலையில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இரண்டு வயது முதலான பாலரையே முதலில் தழுவியது.

இனி, நம் நாட்டை நோக்குவோம். 1945 இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. குடிசையிற் பிறந்தோரும் பல்கலைக்கழகம் புகும் வாயிலை அது திறந்தது. அதன் பயனைத் துய்த்தோர் நம்மிற் பலர். ஆனால் அவ்வாயிலின் முதற்படி ஐந்து வயதிலேயே அமைந்துள்ளது. அதற்கு முற்பட்ட முன்பள்ளிகள் பெரும்பாலும் தனியாராலும் சமய, சமூக நிறுவனங்களாலுமே நடத்தப்படுகின்றன. கட்டணம் அறவிடுவனவே மிகுதி. அவற்றுட் பலவற்றை மக்கள் ‘மொன்ரிசோரி’ என்ற பெயராலேயே அழைக்கின்றனர். கட்டணம் வேண்டாவென்று சுவரில் எழுதி வைத்த இல்லத்தின் பெயர், கட்டணப் பற்றுச்சீட்டின் தலைப்பில் அச்சாகின்றது. மலையகத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மாரின் குழந்தைகள் நெடுங்காலம் ‘பிள்ளைக் காம்பரா’வில் விடப்பட்டன. நியூ லானார்க்கைப் போலவே தாயின் உழைப்பை எண்ணி எழுந்தது அது. ஆனால் ஓவனின் பாட்டும் படமும் அங்கே நெடுங்காலம் வரவில்லை. பிற்காலத்தில் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறி வருகின்றமை நற்குறியாகும்.

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படும். ஏழைச் சிறாரின் பள்ளியில் உணவையும் உடல் நலத்தையும் கல்வியிலிருந்து பிரித்தல் இயலாது. விளையாட்டை நீக்கிப் பாடத்தைப் புகுத்திய இடத்தில் அது படிக்கட்டாகச் சிறுத்தது. கட்டணம் புகுந்த இடத்தில் அது வேறு தெருவுக்குப் போயிற்று. சட்டம் அதனைக் கடமையாக்காத இடத்தில் முதல் நெருக்கடியிலேயே அது மூடுண்டது. தாயைப் பங்காளியாக ஏற்ற இடத்திலேயே அதன் பயன் நீடித்தது.

சாரா பான்செற்றும், மொலி யங்கும், போர்டியின் முற்றங்களில் அமர்ந்த பெண்களும் பெருஞ் செல்வமோ பெரும் பட்டமோ உடையரல்லர். பிள்ளை பள்ளியை நாடி வரும் வயதுவரை காத்திராது, பள்ளி பிள்ளையை நாடிச் செல்லவேண்டும் என்பதை அவர்கள் செயலாற் காட்டினர். கல்லூரிகளின் முதல் வகுப்பிலே பின்தங்கி நிற்கும் பிள்ளையைக் கண்டு, இவனுக்குப் படிப்பு ஏறாது என்று கூறுமுன், அவனுடைய முதல் ஐந்து ஆண்டுகட்கு நாம் அளித்தது யாது என்று ஆசிரியரும் பழைய மாணவரும் தம்மைத் தாமே வினவுதல் கடனாகும்.